மூழ்காத படிநிலை: டைட்டானிக் கப்பலும் அதன் பொருட்களும்

1

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்து அட்லாண்டிக் கடல்சார் அருங்காட்சியகத்தில் ஒரு சின்னக் குழந்தையின் தோல் ஷூக்கள் இருக்கின்றன. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய இடத்திலிருந்து பிணங்களை ஏற்றி வந்த கப்பலோடு கரைக்கு வந்தவை இவை. நினைவுப்பொருள் தேடி அலைபவர்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக, இறந்தவர்களின் துணிமணிகளை எரித்துவிடச் சொல்லி உத்தரவு. காவலுக்கு இருந்த போலீஸ் சார்ஜண்ட் ஒருவர் மற்றதையெல்லாம் எரித்தார். இந்த ஷூக்களை மட்டும் நெருப்பில் போட அவருக்கு மனசு வரவில்லை. மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தார். 2002இல் அவருடைய வழிவந்தவர்கள் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

குழந்தை யாரென்று அப்போது யாருக்கும் தெரியாது. மீட்கப்பட்ட பிணங்களில் அது நான்காம் எண். கல்லறைக்கல்லில் 'அடையாளம் தெரியாத குழந்தை' என்றுதான் இருந்தது. 2002இல் மரபணுச் சோதனை செய்து, பதின்மூன்று மாத ஃபின்லாந்துக் குழந்தை என்றார்கள். ஆனால் ஷூ ஒத்துக்கொள்ளவில்லை. பதின்மூன்று மாதக் குழந்தையின் காலுக்கு அது பெரிசு. திரும்பவும் சோதித்து 2007இல், அது சிட்னி லெஸ்லி குட்வின் என்ற பத்தொன்பது மாத ஆங்கிலேயக் குழந்தை என்று கண்டார்கள். மூன்றாம் வகுப்பில் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன குடும்பம். அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள். எட்டுப் பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

டைட்டானிக் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் ஒரு கதையாடல்தான். மனிதனின் அகந்தை, இயற்கையின் பதிலடி, விதி. 1997இல் வந்த படம் இதோடு காதலையும் சேர்த்துக் கொண்டது. இந்தக் கதையாடலில் வில்லன் பனிப்பாறை. பனிப்பாறையின் மேல் வழக்குப் போட முடியாது என்பது இதிலுள்ள பெரிய வசதி. மாறாக, கப்பலைப் பொருட்களின் வழியாக வாசித்துப் பார்க்கலாம். யார் செய்தது, யார் வைத்திருந்தது, யார் எடுத்தது, யார் விற்றது? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் வேறொன்று தெரிய வருகிறது. கப்பல் மூழ்கியது. ஆனால் எந்தப் படிநிலையின்படி அது கட்டப்பட்டதோ, அது மூழ்கவில்லை. அது படகில் ஏறியது, சவப்பெட்டியில் ஏறியது, விசாரணை மன்றத்தில் உட்கார்ந்தது, கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் ஏலக் கடையிலும் போய்ச் சேர்ந்தது.

2

பெல்ஃபாஸ்ட் நகரின் குயீன்ஸ் தீவில், ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கம்பெனியின் தளத்தில், 1909 மார்ச் 31 அன்று 401ஆம் எண் கப்பலுக்கு அடிக்கட்டை இடப்பட்டது. பக்கத்திலேயே 400ஆம் எண், அதாவது ஒலிம்பிக், வளர்ந்துகொண்டிருந்தது. வொயிட் ஸ்டார் கம்பெனிக்கான கப்பல்கள் இவை. அந்தக் கம்பெனியே அமெரிக்க வங்கி முதலாளி ஜே.பி. மார்கனின் கப்பல் கூட்டமைப்புக்குள் அடக்கம். 269 மீட்டர் நீளம், 46,328 டன். இந்த எண்களை எல்லோரும் சொல்வார்கள். இன்னொரு எண்ணும் உண்டு: சுமார் முப்பது லட்சம் ரிவெட் ஆணிகள். ஒவ்வொன்றையும் யாரோ அடித்திருக்க வேண்டும்.

ரிவெட் அடிப்பது தனி ஆள் வேலையல்ல, குழு வேலை. ஒரு பையன் உலையில் ஆணியைச் செக்கச் செவேலென்று காய்ச்சி எடுத்து வீசுவான். இன்னொரு பையன் அதைப் பிடித்துத் துளையில் வைப்பான். உள்ளேயிருந்து ஒருவர் முட்டுக் கொடுக்க, வெளியே இரண்டு பேர், ஒருவர் வலக்கைக்காரர், ஒருவர் இடக்கைக்காரர், மாறி மாறிச் சுத்தியலால் அடிப்பார்கள். கூலி ஆணிக் கணக்குப்படி. வளைந்து நிற்கும் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் நீரழுத்த எந்திரம் நுழையாது, அங்கெல்லாம் கையடிதான். இந்தச் சத்தத்தில் காது போனவர்கள் அந்தத் தொழிலில் ஏராளம்.

சாமுவேல் ஸ்காட் இப்படி ஆணி பிடிக்கிற பையன். வயசு பதினைந்து. 1910 ஏப்ரல் 20 அன்று விழுந்து மண்டை உடைந்து செத்தான். கப்பல் கடலைப் பார்ப்பதற்கு ஓராண்டுக்கும் மேல் இருந்தது. டைட்டானிக்கின் சாவுக் கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது. கட்டுமானத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள், 246 காயங்கள் பதிவாயின. 1911 மே 31, வெள்ளோட்டத்துக்கு இறக்கும் நாள். முட்டுக் கட்டைகளை அகற்றும்போது ஜேம்ஸ் டாபின் என்ற தொழிலாளி நசுங்கிப் பிறகு இறந்தார். மேடையில் கனவான்கள் கைதட்டினார்கள், விருந்து நடந்தது. விபத்தை யாரும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாக அது அவர்களுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. இவ்வளவு பெரிய கப்பல் என்றால் இத்தனை சாவு என்பது அந்தத் தொழிலின் சாதாரணக் கணக்கு.

தொழிலாளர்களை ஒற்றை முகமாக்கி உணர்ச்சிவசப்படுவதும் தப்பு. அந்தத் தளத்தில் பெரும்பான்மை புராட்டஸ்டண்டுகள், கத்தோலிக்கர்கள் சிறுபான்மை. டைட்டானிக் மூழ்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1912 ஜூலையில், அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரும் மசோதாவை ஒட்டி எழுந்த கலவரத்தில், பெல்ஃபாஸ்டின் கப்பல் தளங்களிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் சுமார் 3,000 பேர் அடித்து விரட்டப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 600 பேர் புராட்டஸ்டண்டுகளே. தொழிற்சங்கக்காரர்கள், சோசலிஸ்டுகள், கத்தோலிக்கர்களோடு சேர்ந்து நின்றவர்கள். விரட்டியவர்களும் தொழிலாளர்கள்தான். ஒரே ஆணியைக் காய்ச்சியும் பிடித்தும் அடித்தும் நின்ற கைகளுக்கு நடுவே இந்தக் கோடு ஓடியது. முதலாளிக்கு இது எவ்வளவு லாபம் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

3

கப்பலின் உள்ளே போகலாம். முதல் வகுப்புப் பொது அறை, பிரெஞ்சு அரசன் பதினைந்தாம் லூயி காலத்துப் பாணி. புகைபிடிக்கும் அறை, ஜார்ஜ் மன்னர்கள் காலத்து மகோகனிப் பலகைகள், அதில் முத்துச்சிப்பி பதிப்பு. உணவுக் கூடம் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து. தனி அறைகளில் ஒன்று டச்சு, ஒன்று இத்தாலிய மறுமலர்ச்சி, ஒன்று நெப்போலியன் காலம். ஓக் மரப் பெரிய படிக்கட்டுக்கு மேலே கண்ணாடிக் கூரை. படியின் தலைப்பில், கௌரவமும் புகழும் காலத்துக்கு முடிசூட்டும் சிற்பம், நடுவில் கடிகாரம். ஒரு கப்பலுக்குள் இத்தனை ராஜாக்கள் எதற்கு?

எஃகையும் நிலக்கரியையும் வைத்துப் பணம் சேர்த்த ஒரு வர்க்கத்துக்கு எஃகையும் நிலக்கரியையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதே பதில். பழைய பிரபுத்துவத்தை மரப்பலகையாக வாங்கி எஃகுச் சட்டத்தின் மேல் அறைந்துகொண்டார்கள். கீழே 29 கொதிகலன்கள், 159 உலைகள், ஒரு நாளைக்கு 600 டன்னுக்கு மேல் கரி. அதை அள்ளிப் போட நூற்றுக்கணக்கான ஆட்கள். மேலே வெர்சாய் அரண்மனை. பயணி ஒருவர் நியூயார்க் போய்ச் சேரும்வரை ஒரு கரித்துண்டைக்கூடப் பார்க்காமல் போய்விடலாம். உழைப்பைக் கண்ணில் படாமல் செய்வதுதான் இந்த அலங்காரத்தின் மெய்யான வேலை. நான்கு புகைபோக்கிகளில் நான்காவதில் கொதிகலன் புகை வராது. காற்றோட்டத்துக்கு அது பயன்பட்டது என்பது உண்மைதான். ஆனால் நான்கு இருந்தால்தான் கப்பல் பலமாகத் தெரியும் என்ற தோற்றக் கணக்கும் அதில் இருந்தது.

துருக்கிக் குளியல் அறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீலமும் பச்சையுமான ஓடுகள், தேக்கு மரம், அராபிய விளக்குகள், கெய்ரோ பாணியில் குடைந்த மரத்திரை. எட்வர்ட் சயித் 1978இல் எழுதிய 'ஓரியண்டலிசம்' படித்தவர்களுக்கு இந்த அறையைப் பார்த்ததும் புரிந்துவிடும். கிழக்கு என்பது இங்கே இடமல்ல, வெந்நீரோடு சேர்த்துக் கட்டணம் வாங்கும் ஒரு சுகம். பிரிட்டன் எகிப்தை ஆக்கிரமித்து அப்போது முப்பது வருஷம். 2005இல் ஜேம்ஸ் கேமரூன் குழுவினர் சின்ன எந்திரத்தை உள்ளே அனுப்பிப் பார்த்தபோது அந்த ஓடுகளும் விளக்குகளும் பெருமளவு அப்படியே இருந்தன.

மூன்றாம் வகுப்பு? அங்கே வெள்ளை வர்ணம் பூசிய சுவரும் பைன் பலகையும். நியாயமாகச் சொன்னால், அந்தக் காலத்து மற்றக் கப்பல்களைவிட வசதி அதிகம். மேஜையில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். எழுநூறு பேருக்கு இரண்டே குளியல் தொட்டிகள் என்பதும் உண்மை. கல்யாணமாகாத ஆண்கள் கப்பலின் முன்கோடியில், குடும்பங்களும் தனிப் பெண்களும் பின்கோடியில். அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் சொன்னபடி, நோய் பரவாதிருக்க இவர்களை மற்ற வகுப்பாரிடமிருந்து பிரித்து வைக்கக் கம்பிக் கதவுகளும் தடுப்புகளும். படகுத் தளத்துக்கு மூன்றாம் வகுப்பாருக்கென்று நேர்வழி கிடையாது. அடுத்த வகுப்பாரின் பகுதிகளைக் கடந்துதான் போக வேண்டும், அதற்கு வேலைக்காரர் யாராவது வழி காட்ட வேண்டும்.

உயிர்காப்புப் படகுகள் இருபது. இடம் 1,178 பேருக்கு. அந்தப் பயணத்தில் இருந்தவர்கள் சுமார் 2,200. இதில் சட்டமீறல் ஒன்றும் இல்லை. 1894ஆம் ஆண்டு விதிப்படி 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்குப் பதினாறு படகு போதும். கப்பல் நாலு மடங்கு பெருத்தது, விதி பெருக்கவில்லை. டைட்டானிக் விதிக்கு மேலேயே நாலு படகு கூட வைத்திருந்தது. எல்லாம் சட்டப்படி சரியாகத்தான் நடந்தது. அதுதான் பயங்கரம்.

4

ஏப்ரல் 14 இரவு 11.40க்கு மோதல். 15 அதிகாலை 2.20க்கு மூழ்கியது. சுமார் 1,500 பேர் இறந்தார்கள். இடையிலிருந்த இரண்டு மணி நாற்பது நிமிஷத்தில் நடந்ததைப் பிரிட்டிஷ் விசாரணையின் அட்டவணையிலேயே வாசிக்கலாம். முதல் வகுப்பு ஆண்கள் 175 பேரில் பிழைத்தவர்கள் 57. மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேரில் பிழைத்தவர்கள் 27. இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 24 பேரும் பிழைத்தார்கள். 'பெண்களும் குழந்தைகளும் முதலில்' என்பது அன்றைய தர்மம். இந்தத் தர்மத்தில் ஏழைக் குழந்தையின் உயிர்வாய்ப்பு கிட்டத்தட்ட ஒரு பணக்கார ஆணின் வாய்ப்புக்குச் சமமாக இருந்தது. ஒரு படகு நாற்பது பேர் இடத்தில் பன்னிரண்டு பேரோடு போனது.

மெர்சி பிரபு தலைமையிலான அந்த விசாரணை, மூன்றாம் வகுப்பார் பாரபட்சமாக நடத்தப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. சாட்சி சொல்ல மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூட அழைக்கவில்லை. யாரும் குறை சொல்லவில்லை, ஆகவே குறை இல்லை. ஆவணத்தின் மௌனம் இப்படித்தான் தயாராகிறது.

பிறகு பிணங்கள். ஹாலிஃபாக்ஸிலிருந்து போன மக்கே-பென்னட் கப்பல் 306 உடல்களை எடுத்தது. தைலமும் பெட்டியும் போதவில்லை. முதல் வகுப்பு என்று தெரிந்தவர்களுக்குச் சவப்பெட்டி. இரண்டாம், மூன்றாம் வகுப்புக்குக் கித்தான் பை. கப்பல் ஊழியர்களின் உடல்கள் பனிக்கட்டிமேல். 116 பேரை அங்கேயே கடலில் விட்டார்கள். பெரும்பாலும் மூன்றாம் வகுப்பாரும் ஊழியர்களும். செத்த பிறகும் டிக்கெட் செல்லுபடியானது.

உயிரோடிருந்தவர்களுக்கும் அப்படித்தான். கப்பல் மூழ்கிய நேரத்தோடு ஊழியர்களின் சம்பளம் நின்றது. சவுதாம்டன் நகரத்திலிருந்து மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். அவர்களில் பலர் 1912இன் பெரும் நிலக்கரி வேலைநிறுத்தத்தால் கப்பல்கள் நின்றுபோய் வேலையில்லாமல் தவித்து, கிடைத்ததே பாக்கியம் என்று ஏறியவர்கள். குட்வின் குடும்பமும் வேறு கப்பலில் போக வேண்டியது. கரி இல்லாததால் இதற்கு மாற்றப்பட்டது. குறைந்தபட்சக் கூலி கேட்டு ஏறத்தாழ பத்து லட்சம் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியதால் கரிக்குத் தட்டுப்பாடு இருந்த நேரத்திலும், மற்றக் கப்பல்களின் கரியை வாங்கி நிரப்பி டைட்டானிக்கைக் கிளப்பினார்கள். ஜனங்கள் கொடுத்த நிவாரண நிதியிலும், செத்தவரின் பதவிப்படி விதவைகளை ஏ முதல் ஜி வரை வகுப்புப் பிரித்துத்தான் பணம் கொடுத்தார்கள். 'ஒழுக்கம்' தவறினால் நிறுத்தவும் செய்தார்கள்.

கடைசிவரை வாசித்ததாகச் சொல்லப்படும் எட்டு இசைக்கலைஞர்கள் கதை எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கம்பெனி ஊழியர்கள் அல்ல. லிவர்பூல் ஏஜென்சி ஒன்றின் ஆட்கள், இரண்டாம் வகுப்பு டிக்கெட்டில் போனவர்கள். ஆகவே நஷ்டஈடு என்று வந்தபோது யாருடைய ஆட்களும் இல்லை. மாறாக, ஓர் இளம் வயலின்காரரின் தகப்பனாருக்கு ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தது: மகனின் சீருடைக்கான பாக்கியைக் கட்டவும்.

அந்தக் குழுவின் தலைவர் வாலஸ் ஹார்ட்லியின் வயலின் 2013இல் ஏலத்துக்கு வந்தது. ஒன்பது லட்சம் பவுண்டுக்குப் போனது.

5

1985 செப்டம்பர் 1 அன்று ராபர்ட் பல்லார்டும் ழான்-லூயி மிஷேலும் தலைமை தாங்கிய அமெரிக்க-பிரெஞ்சுக் குழு, சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டது. விஞ்ஞானத்தின் வெற்றி என்று கொண்டாடப்பட்ட இந்தப் பயணத்துக்குப் பின்னால், மூழ்கிப்போன இரண்டு அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிகளை ஆராயும் கடற்படையின் ரகசிய வேலை இருந்தது. இது 2008இல்தான் வெளியே வந்தது.

கடலடியில் கப்பலின் படிநிலை கலைந்து கிடக்கிறது. எது மிஞ்சும், எது மிஞ்சாது என்பதை அங்கே வேதியியல் தீர்மானிக்கிறது. மென்மரத்தைப் பூச்சிகளும் எலும்பை உப்புநீரும் தின்றுவிட்டன. பீங்கான் மிஞ்சியது: மரப்பெட்டி மறைந்துபோக, உள்ளே இருந்த தட்டுகள் அடுக்கிய வரிசையிலேயே மணலில் நிற்கின்றன. பதனிட்ட தோலை நுண்ணுயிர் அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் ஷூக்கள் ஜோடி ஜோடியாகக் கிடக்கின்றன. ஒரு ஜோடி கிடக்கும் இடம் ஓர் ஆள் கிடந்த இடம். அது முதல் வகுப்பா மூன்றாம் வகுப்பா, மணலுக்குத் தெரியாது.

மேலே கொண்டுவந்ததும் வரிசை திரும்புகிறது. 1987இல் முதன்முதலாகப் பொருட்களை எடுத்தபோது, தகப்பனைப் பறிகொடுத்து உயிர் பிழைத்தவரான ஈவா ஹார்ட் அதைக் கல்லறைக் கொள்ளை என்றே சொன்னார். எடுத்தவற்றைத் தொலைக்காட்சியில் கேளிக்கையாகத் திறந்து காட்டினார்கள். 1994இல் ஓர் அமெரிக்க நீதிமன்றம் ஆர்.எம்.எஸ். டைட்டானிக் கம்பெனிக்கு மீட்பு உரிமை கொடுத்தது. பொருட்களைச் சேர்த்து வைக்கலாம், காட்டலாம், தனித்தனியாக விற்கக் கூடாது. ஆனால் கரியை விற்கலாம். அது கலைப்பொருள் இல்லையாம்! கப்பலை ஓட்டிய ஒரே பொருள், சுரங்கத்தில் ஒருவரும் கொதிகலனடியில் ஒருவரும் கையால் தொட்ட பொருள், துண்டு துண்டாகச் சில டாலர்களுக்குக் கடைச்சரக்கானது. 1998இல் மேலே தூக்கிய பதினைந்து டன் எஃகுச் சுவர் 2008 முதல் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டது, பெரிய படிக்கட்டின் நகலோடு. தாய்க் கம்பெனி 2016இல் திவாலாகி, 2018இல் சுமார் 5,500 பொருட்களும் முதலீட்டு நிதிக்காரர்கள் கைக்கு 19.5 மில்லியன் டாலருக்குப் போயின. பிரிட்டிஷ் அருங்காட்சியகங்கள் சேர்ந்து வாங்க முயன்றும் முடியவில்லை.

இந்தச் சந்தையில் பெயர் இருக்கும் பொருளுக்குத்தான் விலை. கோடீசுவரர் ஆஸ்டரின் தங்கக் கடிகாரம் 2024இல் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. மறுபக்கம் மில்வினா டீன். இரண்டு மாதக் குழந்தையாக மூன்றாம் வகுப்பில் போனவர், கடைசியாக உயிரோடிருந்தவர். முதியோர் இல்லக் கட்டணம் கட்டத் தன்னிடமிருந்த டைட்டானிக் நினைவுப்பொருட்களை 2008இல் ஏலம் விட்டார். தகப்பனை இழந்து நின்ற அவருடைய குடும்பத்துக்கு 1912இல் நியூயார்க் ஜனங்கள் துணி வைத்துக் கொடுத்த பெட்டியும் அவற்றில் ஒன்று. 2009 மே 31 அன்று இறந்தார்.

6

ஒரு பொருளை மட்டும் விலை பேச யாரும் வரவில்லை: ரிவெட். கடலடியிலிருந்து எடுத்த சில ரிவெட்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த உலோக ஆராய்ச்சியாளர்கள், கையால் அடித்த இரும்பு ரிவெட்டுகளில் கசடு அதிகம், குளிரில் தலை தெறிக்க வாய்ப்புண்டு என்றார்கள். கட்டிய கம்பெனியின் கூட்டக் குறிப்புகளில் ரிவெட் அடிக்க நல்ல ஆள் கிடைக்காத கவலை பதிவாகியிருக்கிறது. கம்பெனித் தரப்பு இதை மறுத்தது, விவாதம் முடியவில்லை. மூழ்கியதற்கு ரிவெட்தான் காரணமா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். ஒரே நேரத்தில் மூன்று ராட்சதக் கப்பல்களைக் கட்டும் அவசரம், சரக்கின் தரம், ஆள் பற்றாக்குறை, ஆணிக் கணக்குக் கூலி இத்தனையும் விரல் நீளத்து இரும்பில் எழுதப்பட்டிருக்கிறது. படிக்கட்டுச் சிற்பத்தில் இது கிடையாது.

பெல்ஃபாஸ்டில் கப்பல் கட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே 2012இல் பிரம்மாண்டமான காட்சிக்கூடம் திறந்தார்கள். ரிவெட் குழு எப்படி வேலை செய்தது என்று அங்கே நகரும் வண்டியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். 2019இல் அதே தீவில், மிஞ்சியிருந்த சுமார் 120 தொழிலாளர்கள் கம்பெனி திவாலானபோது தளத்தை ஆக்கிரமித்து ஒன்பது வாரம் உட்கார்ந்து, தளம் மூடப்படாமல் தடுத்தார்கள். பழைய உழைப்பைக் காட்சியாக்குவதும் இன்றைய உழைப்பை வெளியேற்றுவதும் ஒரே தெருவில் நடந்தது. யாருக்கும் முரணாகத் தெரியவில்லை.

2023 ஜூன் 18 அன்று, ஆளுக்கு இரண்டரை லட்சம் டாலர் என்ற விலையில் டைட்டானிக்கைப் பார்க்கப் போன நீர்மூழ்கியில் ஐந்து பேர் இறந்தார்கள். பல நாட்டுக் கப்பல்களும் விமானங்களும் தேடின. நாலு நாள் முன்பு, ஜூன் 14 அன்று, கிரேக்கக் கடலோரத்தில் அகதிகளும் பிழைக்கப் போனவர்களுமாக ஏறத்தாழ 750 பேரோடு ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. பிழைத்தவர்கள் 104. அவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் கிடைத்தது? ஐந்து பேருக்காக அழக் கூடாது என்றில்லை. எண்களின் வரிசை 1912இலிருந்து மாறவில்லை என்பதே பிரச்சினை.

சாமுவேல் ஸ்காட்டின் சவக்குழிக்கு 2011இல்தான் கல் வைத்தார்கள், நூற்றியோரு வருஷம் கழித்து. அவன் ஆணி பிடித்த வாளியோ சட்டையோ எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. கீழே இருந்தவர்களின் பொருட்கள் தானாக மிஞ்சுவதில்லை. எரிக்கச் சொன்னபோது எரிக்காத யாரோ ஒருவர், பெயரில்லாத குழிக்குப் பெயர் தேடிப் போகிற நாலு பேர் என்று இருந்தால்தான் உண்டு. ஹாலிஃபாக்ஸ் ஷூக்கள் அந்த ஒரு கீழ்ப்படியாமையால் மிஞ்சின. மிஞ்சியதால்தான் தப்பாகக் கொடுத்த பெயரைத் திருத்தவும் முடிந்தது.